டாக்டரைக் கூப்பிடும் முன் மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள்

கேள்வி: "அக்கா, வணக்கம். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு ஒன்றைத் தன்னார்வமாக நடத்துகிறேன், செவ்வாயும் வியாழனும் மாலையில். 18 பேர் வருகிறார்கள். ஈக்வடார், டொமினிகன் ரிபப்ளிக், எகிப்து, ஹைட்டி, குஜராத் என்று பல ஊர்க்காரர்கள், மகன் வீட்டுக்கு வந்திருக்கும் நம்மூர் அம்மாக்கள் இரண்டு பேரும் உண்டு. போன மாதம் ஈக்வடார் பெண் ஒருவர் ரத்தக்கொதிப்பு மாத்திரை டப்பாவைக் காட்டி, ஒரு நாளைக்கு 11 மாத்திரையா விழுங்க வேண்டும் என்று கேட்டார். பயந்துபோய் மூன்று வாரமாக ஒன்றுகூடச் சாப்பிடவில்லையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே பக்கத்து மருத்துவமனைக்கு எழுதி ஒரு டாக்டரை வரவழைத்தேன். அவர் ஒரு மணி நேரம் படம் போட்டுப் பேசினார், எல்லாரும் தலையாட்டினார்கள், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. மறுபடி கேட்டதற்கு மருத்துவமனையிலிருந்து பதிலே இல்லை. நான் ஐ.டி.யில் வேலை செய்கிறவள், மருத்துவம் தெரியாது. இதையெல்லாம் நான் எடுத்துச் செய்யலாமா? யாரோடு சேர்ந்து, எப்படித் தொடங்குவது? கிளினிக்குக்குத் துணைக்கு வரச்சொல்லி மாணவர்கள் கூப்பிடுகிறார்கள், போகலாமா?"

அந்த டப்பாவை நான் பார்க்கவில்லை, ஆனாலும் 11 எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' என்று நாம் படிக்கும் அதே நான்கு எழுத்து ஸ்பானிஷில் 'ஓன்ஸே', அதாவது பதினொன்று. நாளுக்கு ஒருமுறை என்று பார்மசியில் அச்சடித்தது அவர் கண்ணுக்கு நாளுக்குப் பதினொன்றாகத் தெரிந்திருக்கிறது. எங்கள் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த பழைய பள்ளம் இது. நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதி பார்மசிகளில் கம்ப்யூட்டர் தானாக ஸ்பானிஷில் மாற்றித் தருகிற லேபிள்களைச் சோதித்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. பாதி லேபிள்களில் பிழை, அதிலும் பாதி ஸ்பானிஷ் பாதி ஆங்கிலமாக அரைகுறையாய் நின்ற வரிகள்தான் அதிகம். அப்படிப்பட்ட ஒரு வரியில் 'ஒன்ஸ்' மட்டும் மாறாமல் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மாணவி பதினொன்றையும் விழுங்காமல் கொண்டுவந்து காட்டினாரே, எனக்கு அதுதான் பெரிய விஷயம். கிளினிக்கில் கேட்கவில்லை, பார்மசியில் கேட்கவில்லை, உங்களிடம் கேட்டார். உங்கள் முதல் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. தாராளமாக எடுத்துச் செய்யுங்கள், அந்த இடத்தில் இருப்பது நீங்கள்தான்.

டாக்டர் பேச்சு எடுபடாமல் போனதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் ஒரு சமூக சுகாதார மையத்தில் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன், வந்த புதிதில் ஒரு தேவாலயத்தின் அடித்தள அறையில் இதே மாதிரி சர்க்கரை நோய்க் கூட்டம் போட்டேன். நல்ல டாக்டர், பொறுமையாகப் பேசுகிறவர், நாற்பது படங்கள். முடிந்ததும் கேள்வி உண்டா என்று கேட்டதற்கு எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து எல் சால்வடாரைச் சேர்ந்த ஓர் அம்மா, ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் தன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். சீட்டை வாங்கிப் பார்த்தேன், 'ஃபாஸ்டிங்' என்று போட்டிருந்தது. ஆங்கில வகுப்பில் 'ஃபாஸ்ட்' என்றால் வேகம் என்று படித்திருக்கிறார், சட்டென்று முடிந்துவிடுகிற பரிசோதனை போலிருக்கிறது, நேரே வேலைக்குப் போய்விடலாம் என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். ஒரு நாள் கூலி போயிற்று. எங்கள் நாற்பது படத்தில் கணையம் இருந்தது, இன்சுலின் இருந்தது, வெறும் வயிற்றோடு வாருங்கள் என்பதற்கு இங்கே என்ன சொல்வார்கள் என்பது இல்லை.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: இரண்டு வாரத்துக்கு எந்த மருத்துவமனைக்கும் எழுதாதீர்கள். அதற்குப் பதில் வகுப்பில் ஒரு மேசையைக் காலி பண்ணி, வீட்டில் புரியாமல் கிடக்கிற மருந்து டப்பா, கிளினிக் கடிதம், இன்சூரன்ஸ் கடிதம், பள்ளியிலிருந்து வந்த தடுப்பூசி ஃபார்ம், எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் மறைத்து ஒரு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு வரட்டும். தன்னுடையதைக் காட்ட விருப்பமில்லாதவர் வெறும் டப்பாவோ இருமல் மருந்துப் பெட்டியோ கொண்டுவந்தால் போதும். யாருக்கு என்ன நோய் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

மேசையில் என்னென்ன வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 'இது பில் அல்ல' என்று மேலே போட்டு, கீழே ஆயிரக்கணக்கான டாலர் கணக்குக் காட்டுகிற இன்சூரன்ஸ் கடிதம் கட்டாயம் வரும். அதைப் பார்த்து நெஞ்சு பதைத்துப் போய்ப் பணம் கட்டக் கிளம்பியவர்களும் உண்டு, அதே வரியை நம்பி அடுத்து வந்த உண்மையான பில்லைப் பிரிக்காமலே போட்டுவைத்தவர்களும் உண்டு. தேதி வரும்: 03/04 என்று அப்பாயின்ட்மென்ட் அட்டையில் இருந்தால் இங்கே அது மார்ச் 4, உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அது ஏப்ரல் 3. 'டிஸ்சார்ஜ்' வரும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கும் அதே சொல், புண்ணிலிருந்து சீழ் வடிவதற்கும் அதே சொல். 'பாசிட்டிவ்' என்றால் நல்லது என்று வேலைக்கான பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், பரிசோதனை முடிவில் 'பாசிட்டிவ்' வந்தால் சந்தோஷப்படக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டீஸ்பூன், டேபிள்ஸ்பூன் இரண்டும் வரும், ஒன்று 5 மில்லி, மற்றது 15 மில்லி, குழந்தையின் காய்ச்சல் மருந்தில் ஒரு சுருக்கெழுத்தைத் தவறாகப் படித்தால் மூன்று மடங்கு உள்ளே போய்விடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2015இல் ஸ்பூன் கணக்கை விட்டுவிட்டு மில்லிக்கணக்கில் மட்டும் எழுதுங்கள், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. ஆனால் சமையலறையில் கைக்குக் கிடைக்கிற ஸ்பூனால்தான் இன்னும் பல வீடுகளில் மருந்து போகிறது.

இந்த மேசைதான் உங்கள் பாடத்திட்டம். இரண்டு வாரம் முடிந்ததும், எங்கள் 18 பேரில் 9 பேருக்கு இந்த வரி புரியவில்லை என்று கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போனால் உங்களோடு பேசுகிறவரின் முகமே மாறும்.

ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆங்கிலமே பேசுகிற நோயாளிகளிடம், 'தினமும் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை' என்ற லேபிளைப் படிக்கச் சொன்னார்கள். படிப்பறிவு குறைந்தவர்களிலும் 71 சதவீதம் பேர் சரியாகவே படித்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எடுத்துக் காட்டுங்கள் என்றதும் நான்கை எண்ணி எடுத்தவர்கள் 35 சதவீதம்தான். நாடு முழுக்கப் பெரியவர்களிடம் 2003இல் எடுத்த எழுத்தறிவுச் சோதனையிலும் சுகாதார விஷயங்களில் 36 சதவீதம் பேர் அடிப்படை நிலையிலோ அதற்கும் கீழேயோ இருந்தார்கள். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவனுக்கே அந்தக் கடுதாசி எட்டவில்லை என்றால் கோளாறு கடுதாசியிலும் இருக்கிறது. மத்திய சுகாதாரத் துறையும் 2020இல் வெளியிட்ட 'ஹெல்தி பீப்பிள் 2030' திட்டத்தில் இதை ஒப்புக்கொண்டு, ஆள் புரிந்துகொள்வது ஒரு பாதி, புரியும்படி சொல்வது நிறுவனத்தின் பொறுப்பு என்பது மறுபாதி என்று இரண்டு வரையறை எழுதியிருக்கிறது. கிளினிக்கின் வாசலில் நிற்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் உதவி கேட்டு மட்டும் போகவில்லை, அவர்களுக்கு வேண்டிய ஒன்றையும் கொண்டுபோகிறீர்கள்.

அதனால் வகுப்பில் வாயால் சொல்வதோடு விடாமல் கையால் செய்ய வையுங்கள். ஒரு கிண்ணத்தில் பீன்ஸ் விதையைப் போட்டு, நான்கு கட்டம் வரைந்த தாள் கொடுங்கள்: காலை, மதியம், சாயங்காலம், படுக்கப்போகும் நேரம். லேபிளைப் படித்து எந்தக் கட்டத்தில் எத்தனை என்று விதையை வைக்கட்டும். இங்கே மருந்து லேபிள் ஆய்வாளர்கள் பல வருஷம் வேலை செய்து, பெரும்பாலான மாத்திரைகளை இந்த நான்கு வேளையில் அடக்கி எழுதலாம் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். நம்மூர் அம்மாக்கள் அதைப் பார்த்ததும், ஓ, 1-0-1 மாதிரியா என்று கேட்பார்கள் பாருங்கள். நம் ஊர் மருந்துக்கடையில் மாத்திரை அட்டையின் பின்னால் பேனாவால் 1-0-1 என்று எழுதிக் கொடுப்பார்களே, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று என்று புரியும். அந்த அம்மாக்களையே எழுந்து வந்து போர்டில் எழுதி மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். மகன் வீட்டில் எதற்கும் மகனையே கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் அன்றைக்கு ஆசிரியராக இருக்கட்டும்.

சரி, இப்போது யாரோடு சேர்வது.

முதலில் பார்மசிஸ்ட். அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், பணம் வேண்டாம், கவுன்டரில் போய் நின்று பேச முடிகிற ஒரே மருத்துவத் துறை ஆள் அவர்தான், உங்கள் மாணவர்கள் மாதாமாதம் பார்க்கிற ஆளும் அவர்தான். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய், அரை மணி நேரம் வகுப்புக்கு வாருங்கள், பேச்சு வேண்டாம், எங்கள் மேசையில் இருக்கிற டப்பாக்களைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும் என்று கேளுங்கள். அவர் வரும் வாரத்துக்கு முந்தைய வாரம் வகுப்பில் கேள்வியைப் பழக்குங்கள். இந்த மருந்து எதற்கு, எப்போது, எத்தனை நாளைக்கு, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, என் மொழியில் யாராவது பேசுவார்களா. இவ்வளவுதான், ஐந்து வாக்கியம், ஆனால் புதிய ஆளிடம் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் கேட்டுப் பதில் வாங்கியவர் அடுத்த முறை கவுன்டரில் தயங்க மாட்டார்.

பார்மசிஸ்ட் வரும் அன்று நம்மூர் அம்மாக்களை ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பையோடு வரச் சொல்லுங்கள். டோலோ 650 கட்டாயம் இருக்கும். நாம் பாராசிட்டமால் என்பதை இங்கே அசிட்டமினோஃபென் என்கிறார்கள். டைலனாலில் இருப்பதும் அதுதான், சளி மருந்துகள் பலவற்றில் கலந்திருப்பதும் அதுதான். ஊர் மாத்திரை ஒன்று, இந்த ஊர் மாத்திரை ஒன்று, ராத்திரி இருமல் மருந்து ஒரு மூடி என்று மூன்றும் வேறுவேறு மருந்து என்ற நினைப்பில் சாப்பிட்டால் ஒரே மருந்து மூன்று வழியில் உள்ளே போகிறது, ஈரலுக்குக் கெடுதல். வகுப்பில் எகிப்துக்காரருக்கும் குஜராத்திக்காரருக்கும் இதே சிக்கல் இருக்கும், அவரவர் ஊர்ப் பெயரில்.

நீங்கள் நடு ஜெர்சிப் பக்கம் என்றால் பிஸ்கடவேயில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் கல்லூரி இருக்கிறது. அங்கே இல்லாவிட்டாலும் பக்கத்தில் ஏதாவது ஒரு நர்சிங் கல்லூரி இருக்கும். நர்சிங் மாணவர்களுக்குச் சமூக சுகாதாரப் பயிற்சி பாடத்திலேயே உண்டு, இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். பயிற்சியை ஒருங்கிணைக்கும் ஆசிரியருக்கு எழுதுங்கள், கல்லூரியின் பொது மின்னஞ்சலுக்கு எழுதினால் காணாமல் போகும். ஆனால் ஒன்று, ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிற ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு செமஸ்டர் முழுக்க அதே நான்கு பேர் வரட்டும். முதல் நாள் அவர்கள் வாயே திறக்கக் கூடாது, உங்கள் மாணவர்களோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். இருபது வயதுப் பெண் ஒருத்தி, நாளைக்கு நர்சாகப் போகிறவள், தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை என்பதை அங்கே கண்ணால் பார்த்தால் அவள் வேலை செய்யும் காலம் முழுக்க நினைவில் இருக்கும். புரிந்ததா என்று கேட்காதீர்கள், வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள் என்று கேளுங்கள் என்பதை அவர்கள் புத்தகத்தில் 'டீச் பேக்' என்ற பெயரில் படித்திருப்பார்கள், செய்து பழக ஆள் கிடைத்திருக்காது. அப்புறம் நம்மூர் தலையாட்டல் வேறு, நாம் பக்கவாட்டில் ஆட்டினால் சரி என்று அர்த்தம், இங்கே இருக்கிறவர்கள் அதை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது சமூக சுகாதார மையம். நான் அங்கே வேலை செய்வதால் சொல்லவில்லை, சட்டமே உங்களுக்கு அங்கே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மத்திய அரசு மானியம் பெறுகிற இந்த மையங்கள் வருமானத்துக்குத் தகுந்தபடி கட்டணம் வாங்க வேண்டும், நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அந்த மையத்தின் நோயாளிகளாகவே இருக்க வேண்டும். 1965இல் பாஸ்டனில் முதல் மையம் தொடங்கிய காலத்திலிருந்து இதன் அடிப்படை எண்ணமே, எங்கே வலிக்கிறது என்று ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும் என்பது. அதனால் மையத்துக்குப் போய், எங்களுக்கு வகுப்பெடுங்கள் என்று கேட்காதீர்கள். நீங்கள் புதிய நோயாளிக்குக் கொடுக்கிற ஃபார்மை எங்களுக்குக் கொடுங்கள், எங்கள் வகுப்பு படித்துப் பார்த்து எங்கே இடறுகிறது என்று சொல்லும் என்று சொல்லுங்கள். எங்கள் மையத்தில் அப்படி ஒரு தடவை செய்தோம். ஃபார்மில் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்கிற பகுதிக்கு 'ஃபேமிலி ஹிஸ்டரி' என்று தலைப்பு. ஹைட்டியைச் சேர்ந்த ஒரு பெரியவர் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, தாளைத் திருப்பி, தன் தாத்தா எந்தக் கிராமத்திலிருந்து வந்தார், அப்பா எப்போது நகரத்துக்கு வந்தார் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். குடும்ப வரலாறு என்று கேட்டார்கள், அவர் கொடுத்தார். அடுத்த அச்சில் அந்தத் தலைப்பை எடுத்துவிட்டு, 'உங்கள் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்களுக்கு இந்த நோய்கள் உண்டா' என்று போட்டோம். ஆங்கிலமே பேசுகிறவர்களும் அதை விடாமல் நிரப்ப ஆரம்பித்தார்கள்.

இப்படிப் படித்துப் பார்க்கிற வேலைக்குப் பணம் கேளுங்கள். தலைக்கு ஒரு கடை கிஃப்ட் கார்டாக இருந்தாலும் சரி. வெளியிலிருந்து ஆலோசகரை வைத்தால் கொடுப்பார்கள் அல்லவா, இவர்கள் செய்வதும் அதே வேலை. நூலகத்துக்கும் அந்த மையத்துக்கும் நடுவே ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள், யார் வருவார், எத்தனை நாள், யார் பெயரில் தொடர்பு, அந்த ஆள் வேலை மாறினால் அடுத்து யார். கடைசி வரி ரொம்ப முக்கியம், இந்த மாதிரி ஏற்பாடுகள் பெரும்பாலும் சண்டை வந்து முறிவதில்லை, பொறுப்பாக இருந்த ஒருவர் வேறு வேலைக்குப் போனதும் தானாக அணைந்துவிடும்.

பதில் போடாத மருத்துவமனைக்கு வருவோம். அவர்களை விட்டுவிடாதீர்கள், கேட்கிற விதத்தை மாற்றுங்கள். வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கற்ற மருத்துவமனை ஒவ்வொன்றும் 3 ஆண்டுக்கு ஒருமுறை தன் சுற்றுவட்டாரத்தின் சுகாதாரத் தேவைகளைக் கணக்கெடுத்து, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்று எழுதி வெளியிட வேண்டும். 2010இன் சுகாதாரச் சட்டம் போட்ட கட்டளை இது. மருத்துவ வசதி எட்டாத மக்களின் கருத்தையும் அதில் கேட்டாக வேண்டும். அந்த அறிக்கை அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். எடுத்துப் படியுங்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மொழித் தடை என்று நிச்சயம் எங்காவது எழுதியிருப்பார்கள். பிறகு டாக்டருக்கு எழுதாமல் சமூக நலப் பிரிவின் பொறுப்பாளருக்கு எழுதுங்கள்: உங்கள் அறிக்கையில் இத்தனையாம் பக்கத்தில் மொழித் தடை என்று சொல்லியிருக்கிறீர்கள், அந்தத் தடையை நேரில் சந்திக்கிற 18 பேர் வாரம் இருமுறை என்னிடம் வருகிறார்கள், அடுத்த கணக்கெடுப்பில் இவர்களிடம் கேளுங்கள். இதற்குப் பதில் வரும்.

அதே மருத்துவமனையிடம் இன்னொன்றும் கேளுங்கள். பணம் கட்ட முடியாதவருக்கு உதவித் திட்டம் அவர்களிடம் எழுத்தில் இருந்தாக வேண்டும், அதன் எளிய சுருக்கமும் இருக்க வேண்டும், அந்தப் பகுதியில் ஆங்கிலம் சரியாகத் தெரியாத ஒரு மொழிக்குழு 1,000 பேரோ மக்கள்தொகையில் 5 சதவீதமோ, எது குறைவோ அதைத் தொட்டால் அந்த மொழியில் மொழிபெயர்த்தும் வைத்திருக்க வேண்டும். ஸ்பானிஷில், குஜராத்தியில், அரபியில் கையில் வாங்கி வந்து வகுப்பில் ஒரு நாள் படியுங்கள். பில்லைப் பார்த்துப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருக்கிறவர்கள் உங்கள் வகுப்பில் கண்டிப்பாக இருப்பார்கள்.

சேரக்கூடாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தொடங்கியது தெரிந்ததும் இன்சூரன்ஸ் முகவர் வருவார், வீட்டு நர்சிங் நிறுவனத்திலிருந்து வருவார்கள், பீட்சா வாங்கித் தருகிறோம், பேச ஐந்து நிமிடம் கொடுங்கள், பெயரும் போன் நம்பரும் எழுத ஒரு தாளைச் சுற்றில் விடுங்கள் என்பார்கள். அந்தத் தாளை மட்டும் சுற்றில் விடாதீர்கள். உங்களை நம்பித்தான் டப்பாவைக் கொண்டுவந்தார்கள். குடியுரிமை நிலையை நீங்களும் கேட்காதீர்கள், வருகிற விருந்தினரும் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இப்போதைய சூழலில் அந்த ஒரு கேள்வி போதும், அடுத்த செவ்வாய் பாதி நாற்காலி காலியாக இருக்கும்.

மருத்துவம் தெரியாதே என்று எழுதியிருந்தீர்கள். இந்த மாத்திரையைச் சாப்பிடலாமா, நிறுத்தலாமா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள், அதை யாரிடம் எந்த வார்த்தையில் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள், முடிந்தால் அப்போதே பார்மசிக்குப் போன் போட்டு அவரையே கேட்கச் சொல்லுங்கள். அந்த ஈக்வடார் பெண்மணி மூன்று வாரம் மாத்திரை இல்லாமல் இருந்ததை அவருடைய டாக்டரிடம் சொல்லிவிட்டாரா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், இன்னும் இல்லையென்றால் நாளைக்கே. நம்பிப் படிக்கக்கூடிய இடம் வேண்டுமென்றால் தேசிய மருத்துவ நூலகத்தின் 'மெட்லைன்பிளஸ்' தளம் போதும், ஆங்கிலமும் ஸ்பானிஷும் முழுதாக, மற்ற மொழிகளில் தனித்தனிக் கையேடுகளாக இருக்கிறது. நூலகத்தில்தான் இருக்கிறீர்கள், நூலகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தேடித் தருவது அவர் தொழில்.

கடைசியாகத் துணைக்குப் போவது. போங்கள், ஆனால் மொழிபெயர்க்காதீர்கள். 1980இல் ஃப்ளோரிடாவில் 18 வயதுப் பையன் ஒருவனை நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் சொன்ன 'இன்டாக்ஸிகாடோ' என்ற சொல்லுக்கு அவர்கள் கியூப ஸ்பானிஷில் எதையோ சாப்பிட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அங்கே அது போதை என்று போய்ச் சேர்ந்து, அதற்கே சிகிச்சையும் நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கை கால் செயலிழந்து போனான். உதவ வந்தவர் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மத்திய அரசுப் பணம் வாங்குகிற எந்த மருத்துவமனையும் கிளினிக்கும் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் காசு வாங்காமல் ஏற்பாடு செய்து தர வேண்டும், நேரிலோ போனிலோ வீடியோவிலோ. உயிர் போகிற அவசரம் தவிர, வயது வராத பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது. 1964இன் சிவில் உரிமைச் சட்டமும் 2010இன் சுகாதாரச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும் இதற்கு அடிப்படை. 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை நாட்டின் அதிகாரபூர்வ மொழியாக அறிவித்த ஜனாதிபதி ஆணை, மொழி உதவி பற்றி 2000இல் வந்த பழைய ஆணையை ரத்து செய்தது, இனி கேட்க முடியாதோ என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆணையால் இந்த இரண்டு சட்டமும் மாறவில்லை, கேட்கலாம்.

அதனால் நீங்கள் போகும்போது உங்கள் வேலை ஒன்றுதான். ரிசப்ஷனில் பெயர் கொடுக்கும்போது, 'எனக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று உங்கள் மாணவி தன் வாயால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதை வகுப்பில் பத்து தடவையாவது சொல்லிப் பழக்குங்கள், வேறுவேறு ஆளிடம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் நிமிர்ந்தே பார்க்காமல் டைப் அடித்துக்கொண்டிருப்பது போல நடித்தும். நீங்களே பேசிவிடலாமே, நேரம் மிச்சம் என்று அந்தப் பக்கத்திலிருந்து சொல்வார்கள். அப்போது நீங்கள் ஒரு புன்னகையோடு, நான் இவருடைய ஆசிரியை, காத்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.